ஒரே வாய்க்காலில் இரண்டு வயல்: கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கேம் ஓட்டுவது எப்படி

மே மாதம் பள்ளிக்கூடம் மூடினால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு லேப்டாப் வரத்து தொடங்கிவிடும். நான் கடை வைத்திருப்பவன் இல்லை. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் ஓரத்துக் கிராமத்தில் விவசாயமும், ஊரார் கம்ப்யூட்டருக்குச் சில்லறை வைத்தியமும் பார்ப்பவன். போன கோடையில் திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த அக்கா மகன், பையை இறக்கி வைத்த கையோடு கேட்டான்: "மாமா, இதுல ஜிடிஏ ஓடுமா?"

"காபியைக் குடிடா மாப்ள, பாத்துடலாம்" என்றேன்.

அவன் கேட்டது பாதிக் கேள்விதான். 'என் வயலுக்குத் தண்ணி வருமா' என்று ஒருவர் கேட்டால் எந்த வயல், எத்தனை மா, எந்த மதகு என்று நாம் திருப்பிக் கேட்போம் இல்லையா? இதுவும் அப்படித்தான். எந்த கேம், திரையில் எந்த ரெசல்யூஷனில் (எத்தனை புள்ளிகளில்), வினாடிக்கு எத்தனை ஃபிரேம் (எத்தனை படம்) என்று மூன்றும் தெரிந்தால்தான் 'ஓடும்', 'ஓடாது' என்று சொல்ல முடியும். கதை சொல்லும் விளையாட்டுக்கு வினாடிக்கு 30 ஃபிரேம் சீராக வந்தால் போதும். எதிராளியைச் சுடும் விளையாட்டுக்கு 60 வேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இன்றைக்கும் நிறைய ஓடும். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளில் சில தலைகீழாக நின்றாலும் ஓடாது. எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் எழுதுகிறேன்.

வாய்க்கால் விஷயம்

கடையில் 'இன்பில்ட் கிராபிக்ஸ்' என்பார்கள், பழைய ஆட்கள் 'ஆன்போர்டு' என்பார்கள். பிராசஸர் சிப்புக்குள்ளேயே படம் வரையும் பகுதியும் உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று சொந்த நினைவகம் கிடையாது. பிராசஸர் எந்த ரேமிலிருந்து எடுக்கிறதோ அதே ரேமிலிருந்துதான் இதுவும் எடுக்க வேண்டும். தலைமடையில் பிராசஸர் வயல், கடைமடையில் கிராபிக்ஸ் வயல், நடுவில் ஒரே வாய்க்கால். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

'பொதுவில் பங்கு போடுவதுதான் கோளாறு' என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ல்கூடப் பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சிப்தான், 16 ஜிபி நினைவகத்தை இரண்டும் பொதுவாகத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அங்கே வாய்க்கால் வினாடிக்கு 448 ஜிபி ஓடும் அளவுக்கு அகலம். நம் வீட்டு லேப்டாப்பில் டிடிஆர்4 3200 (நாலாம் தலைமுறை, 3200 வேகம்) ரேம் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 25.6 ஜிபி. இரண்டு போட்டால் 51.2. டிடிஆர்5 5600 இரண்டு போட்டால் 89.6. 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 என்ற சாதாரணத் தனி கார்டுக்குத் தனக்கு மட்டுமே 128. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லப்போகும் பாதி விஷயம் இதிலிருந்து வருவதுதான்.

இடையில் ஒரு சங்கதி. ஏஎம்டி நிறுவனம் இந்த வகைச் சிப்புகளுக்கு ஆறுகளின் பெயரை உள்பெயராக வைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2013-ல் 'கபினி', 2015-ல் 'கோதாவரி'. நடுவில், 2014 ஜனவரியில் வந்த ஏ10-7850கே சிப்பின் உள்பெயர் 'காவேரி'. பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே நினைவகத்தை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்காமல், பொதுவாகப் பார்க்கலாம் என்பதுதான் அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. தண்ணீர்ப் பங்கீடு என்றாலே சண்டை நினைவுக்கு வரும் ஓர் ஆற்றின் பெயரைப் பங்கீட்டுச் சிப்புக்கு வைத்திருக்கிறார்கள்! தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

படி 1: உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். இடதுபக்கம் ஜிபியு என்பதைத் தொட்டால் வலப்பக்க மூலையில் கிராபிக்ஸின் பெயர் தெரியும். மெமரி என்பதைத் தொட்டால் ரேம் எத்தனை ஜிபி, என்ன வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று வரும். '2-ல் 1' என்று இருந்தால் சந்தோஷப்படுங்கள், உங்கள் லேப்டாப் இன்னும் முழுசாக வேலை செய்யத் தொடங்கவே இல்லை. அங்கேயே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியும் இருக்கும். 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது, அதைத் தொட முடியாது.

பெயர்களை இப்படிப் படியுங்கள். இன்டெல் எச்டி 4000 என்றால் 2012-ஐச் சேர்ந்தது. யுஎச்டி 620 என்றால் 2017 வாக்கில் வந்தது, கிராமத்தில் செகண்ட் ஹேண்டில் வரும் ஆபீஸ் லேப்டாப்புகளில் ரொம்பவும் அதிகம். இவை இரண்டும் பழைய கேம், இலகுவான கேமுக்கு. ரைசன் 3500யு போன்றவற்றில் இருக்கும் வேகா 8, இன்டெல் 11-ஆம் தலைமுறையில் வந்த ஐரிஸ் எக்ஸ்இ ஆகியவை நடுத்தரம். 2022-லிருந்து வந்த ரேடியான் 680எம், 780எம், இன்டெல் கோர் அல்ட்ராவில் வரும் ஆர்க் ஆகியவை வேறு ஜாதி. புதிய பெரிய விளையாட்டுகளைக்கூட அடக்கி ஒடுக்கி ஓட்டிவிடலாம். 2025-ல் வந்த ரைசன் ஏஐ மேக்ஸ் வகைச் சிப்பில் வாய்க்காலே 256 ஜிபி அகலம். ஆனால் அந்த விலைக்குத் தனி கார்டு உள்ள லேப்டாப்பே வாங்கலாம் என்பதால் இங்கே அதைப் பற்றி வேண்டாம்.

ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். எண் பெரியதாக இருப்பதால் சிப் புதியது, வேகமானது என்று அர்த்தமில்லை. ரைசன் 5 7520யு என்று பளபளவென்று விற்பார்கள். அதற்குள் இருக்கும் 610எம் கிராபிக்ஸில் இரண்டே இரண்டு கம்ப்யூட் யூனிட்தான் (படம் வரையும் வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்). ரைசன் 5 7640யு-வில் இருக்கும் 760எம்-ல் 8. பெயரில் 'ரைசன் 5' ஒன்றுதான், உள்ளே நாலில் ஒரு பங்கு.

படி 2: இரண்டாவது ரேம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அக்கா மகன் கொண்டு வந்த லேப்டாப்பின் அட்டைப்பெட்டியில் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று ஸ்டிக்கர் இருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'யுஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டியது. ஏமாற்றிவிட்டார்கள் என்று அவன் முகம் சுருங்கிப் போனான். யாரும் ஏமாற்றவில்லை. ரேமுக்கு இரண்டு பாதை (சேனல்) உண்டு, இரண்டிலும் ரேம் இருந்தால்தான் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரே வரும் என்பது இன்டெல் வைத்த விதி. ஒற்றை ரேம் இருந்தால் அதே சிப் தன்னை யுஎச்டி என்று சொல்லிக்கொள்ளும். வாங்கிய கடையில் "8 ஜிபி இருக்கு தம்பி, அதுக்கு மேல எதுக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இருப்பது 8 ஜிபி என்பது உண்மை. அது ஒரே ஸ்லாட்டில் இருந்தது என்பதுதான் கோளாறு. இன்னொரு 8 ஜிபி மாட்டி ஆன் செய்தோம். பெயர் தானாக மாறியது. அவன் கத்திய கத்தலில் கொல்லையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி மிரண்டது.

ரேம் இரண்டானால் வாய்க்கால் இரட்டிப்பு அகலமாகிறது. ஃபிரேம் இரட்டிப்பாகாது, விளையாட்டைப் பொறுத்துக் கால்பங்கிலிருந்து பாதிவரை கூடும். அதைவிட முக்கியமாக, நடுநடுவே படம் நின்று நின்று போகும் திணறல் குறையும். மொத்த அளவு 16 ஜிபி ஆவதும் சேர்ந்து உதவுகிறது. விண்டோஸ், பின்னால் ஓடும் குரோம், கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும் பங்கு எல்லாம் போக 8 ஜிபியில் கேமுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. டிடிஆர்3, 4, 5 ஒன்றுக்கொன்று பொருந்தாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். லேப்டாப் ரேம் குட்டை, டெஸ்க்டாப் ரேம் நெட்டை. ஒரு வருஷம் சென்னையில் நெட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி வீடு வந்து சேர்ந்து, பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தவன் நான். ரிச்சி ஸ்ட்ரீட் வரை போய் வந்த செலவில் இன்னொரு ரேம் வாங்கியிருக்கலாம். ஏற்கெனவே இருக்கும் ரேமின் வேகம், அளவு இரண்டுக்கும் ஒத்ததாக வாங்குங்கள். 8 ஜிபியோடு 4 ஜிபி போட்டாலும் ஓடும், ஆனால் ஒத்துப்போகும் பகுதிக்கு மட்டும்தான் இரட்டைப் பாதை கிடைக்கும்.

'டிடிஆர்5-ல் ஒரே ரேமுக்குள் இரண்டு சேனல் இருக்கு, அதனால இன்னொன்னு வேண்டாம்' என்று இப்போது ஒரு பேச்சு சுற்றுகிறது. உள்ளே இரண்டாகப் பிரித்திருப்பது நிஜம். ஆனால் ஒவ்வொன்றும் பாதி அகலம். கூட்டினால் பழைய ஒற்றைச் சேனல்தான். இரண்டு ரேம் இங்கேயும் வேண்டும்.

மாட்டுவது கடினம் இல்லை. லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடி ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டை என்று மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே பேட்டரி ஒயர் தெரிந்தால் அதன் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். ஏதாவது வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு, ரேமைச் சாய்வாகச் செருகி, இரு பக்கமும் 'டிக்' என்று பிடிக்கும்வரை கீழே அமுக்குங்கள். முதல்முறை ஆன் செய்யும்போது கொஞ்ச நேரம் கருப்புத் திரையாகவே இருக்கும். பயந்து அணைக்க வேண்டாம்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை கண்டபடி ஏறிவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கலாம், தப்பில்லை. வாங்கி மாட்டியதும் விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒருமுறை ஓட்டுங்கள். பிழை காட்டினால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

படி 3: ரேம் போட்ட பிறகு சின்னச் சின்ன வேலை

கிராபிக்ஸ் டிரைவரை (சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இன்டெல், ஏஎம்டி தளத்திலிருந்து புதுப்பியுங்கள். பழைய சிப்புகளுக்கு அடிக்கடி வராது என்றாலும் லேப்டாப்போடு வந்த டிரைவரைவிட ஒரு வருடமாவது புதியதாக இருக்கும்.

பயோஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரை) கிராபிக்ஸுக்கு எவ்வளவு ரேம் ஒதுக்குவது என்று ஒரு வரி இருக்கலாம், 'யுஎம்ஏ' என்ற பெயரில். 16 ஜிபி வைத்திருப்பவர்கள் 2 ஜிபி வைக்கலாம். இதனால் வேகம் பெரிதாகக் கூடாது. 'உன்னிடம் 512 எம்பிதான் இருக்கு' என்று சில கேம்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புவதைத் தடுக்கும், அவ்வளவுதான். 8 ஜிபிக்காரர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

விண்டோஸில் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று வையுங்கள். சார்ஜர் போட்டு விளையாடுங்கள். கரண்ட் போய்ப் பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்போது கேமைத் திட்டிப் பயனில்லை.

படி 4: கேமுக்குள் எதைக் குறைப்பது

புதியவர்கள் எல்லாவற்றையும் 'லோ' ஆக்கிவிட்டு ரெசல்யூஷனை மட்டும் 1920×1080-லேயே விட்டுவிடுவார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். 1920×1080 என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். 1280×720 என்றால் 9 லட்சத்து சொச்சம், அதாவது பாதிக்கும் கீழே. வேறு எந்த ஒரு செட்டிங்கும் இவ்வளவு பளுவைக் குறைக்காது. ஸ்டீம் டெக் என்ற கையடக்க மெஷின் 2022-ல் வந்தது. அதுவும் இன்பில்ட் கிராபிக்ஸ்தான். அதன் திரை 1280×800-தான் என்பதே அது பெரிய கேம்களை ஓட்டுவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

படம் மங்கலாக இருக்கிறது என்றால் அடுத்த ஆயுதம் அப்ஸ்கேலிங். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் அல்லது இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் கேமில் இருக்கிறதா பாருங்கள். திரையை 1080-ல் வைத்து எஃப்எஸ்ஆரைக் 'குவாலிட்டி'யில் போட்டால் கேம் உள்ளுக்குள் 720-ல் வரைந்து, பெரிதாக்கிக் காட்டும். நேரடியாக 720-ல் வைப்பதைவிடப் பார்க்க லட்சணமாக இருக்கும், எழுத்துகளும் கூர்மையாக இருக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' என்று போட்டால் உள்ளே 960×540. அது கொஞ்சம் கஞ்சித்தண்ணி மாதிரி, வேறு வழியில்லாதபோது வைத்துக்கொள்ளலாம்.

'ஃப்ரேம் ஜெனரேஷன்' என்று இன்னொன்று இருக்கும். நடுவில் செயற்கை ஃபிரேமைச் செருகி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது. 25 ஃபிரேம் வரும் இடத்தில் அதைப் போட்டால் எண் 50 காட்டும், கை மட்டும் சேற்றில் நடப்பதுபோல இருக்கும். அடிப்படையில் 60 வருகிறவர்களுக்கானது அது.

அதன்பிறகு நிழல், பிரதிபலிப்பு, மூடுபனி, ஆம்பியன்ட் அக்லூஷன் (மூலைமுடுக்கில் விழும் மெல்லிய இருட்டு) நான்கையும் கீழே இறக்குங்கள். மோஷன் பிளரை அணையுங்கள். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) மட்டும் மீடியம் வரை வைத்துப் பாருங்கள், 16 ஜிபி இருந்தால் தாங்கும். சுவர், முகம் எல்லாம் களிமண் மாதிரித் தெரியாமல் இருக்க அதுதான் உதவுகிறது.

கடைசியாக, ஃபிரேமுக்கு வரம்பு கட்டுங்கள். 28-க்கும் 45-க்கும் இடையே குதித்துக்கொண்டே இருப்பதைவிட 30-லேயே நிற்பது கண்ணுக்கு ஆயிரம் மடங்கு மேல். சூடும் குறையும்.

படி 5: கேமைத் தேர்ந்தெடுப்பது

பள்ளி நாட்களில் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ், கிரிக்கெட் 07 எல்லாம் எந்த இன்பில்டிலும் ஓடும் என்பதைச் சொல்லவே வேண்டாம். அரசு கொடுத்த பழைய லேப்டாப்பிலேயே எங்கள் தெருவில் ஒரு தலைமுறை கிரிக்கெட் 07 ஆடி முடித்தது.

வாலரன்ட் 2020-ல் வந்தபோது குறைந்தபட்சத் தேவையாகச் சொன்னதே இன்டெல் எச்டி 4000-தான், அதில் 30 ஃபிரேம் என்ற கணக்கில். ஐரிஸ் எக்ஸ்இ வைத்திருப்பவர்கள் நிம்மதியாக ஆடலாம். விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் பயோஸில் ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திறக்காது. கிராபிக்ஸ் போதவில்லை என்று நினைத்து என்னிடம் வந்த இரண்டு பேருக்கு இதுதான் பிரச்சினை. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 பழைய கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கைப் போல் இல்லை, பளு அதிகம். யுஎச்டி 620-ல் பெயருக்குத்தான் ஓடும்.

ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட், செலஸ்ட், ஹேடிஸ் போன்றவை இன்பில்டுக்கென்றே செய்ததுபோல ஓடும். ஸ்டார்டியூ வேலியில் விவசாயம் பார்க்கலாம். எங்கள் அப்பா பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "தண்ணி ஊத்துனா உடனே முளைக்குதா, நல்ல ஊர்டா இது" என்று எழுந்து போனார். மைன்கிராஃப்ட் ஜாவாவில் சோடியம் என்ற மாட் (கேமோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) போட்டு, எட்டு சங்க் (நிலத்துண்டு) தூரம் மட்டும் தெரியும்படி வைத்தால் பழைய லேப்டாப்பும் ஓடும். புனேயில் செய்த ராஜி என்ற விளையாட்டு ஐரிஸ், வேகாவில் குறைந்த செட்டிங்கில் ஆடத்தக்கது.

ஜிடிஏ 5-ல் இப்போது இரண்டு பதிப்பு. 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்ததை லெகசி என்கிறார்கள், 2025 மார்ச்சில் வந்தது என்ஹான்ஸ்டு. பழையதை வைத்திருந்தவர்களுக்குப் புதியதும் இலவசமாகக் கிடைத்தது, அதனால் பலர் ஆசையில் புதியதை இறக்கிவிட்டு அழுகிறார்கள். நாம் லெகசி. புல், நிழல், எம்எஸ்ஏஏ (விளிம்புகளை வழவழப்பாக்குவது) மூன்றையும் குறைத்தால் நடுத்தர இன்பில்டில் நன்றாகவே போகும். அக்கா மகனுக்கு அதைத்தான் வைத்துக் கொடுத்தேன். அவ்வளவு பெரிய ஃபைலை மொபைல் டேட்டாவில் இறக்க நினைக்காதீர்கள். ஃபைபர் உள்ள கூட்டாளி வீட்டில், கேம் விற்கும் தளமான ஸ்டீமின் பேக்கப் வசதியால் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வரலாம். சிடி கடையில் கிடைக்கும் 'ரீபேக்' என்ற திருட்டுப் பதிப்பு வேண்டாம். அதனோடு, நம் கம்ப்யூட்டரை வைத்து யாரோ காசு பார்க்கப் பின்னால் ஓடும் காயின் மைனரும் வந்து உட்கார்ந்தால், இருக்கிற ஒரு வாய்க்காலில் அது வேறு மோட்டார் போட்டு இறைக்கும்.

சைபர்பங்க் 2077 போன்றவற்றுக்கு 680எம், 780எம் இருந்தால் 720-க்கும் 1080-க்கும் நடுவில் அப்ஸ்கேலிங்கோடு 30 ஃபிரேம் பக்கம் எடுக்கலாம். ஐரிஸ், வேகா வைத்திருப்பவர்கள் சைபர்பங்கை மறந்துவிடுங்கள்.

இன்னும் ஒரு வகை இருக்கிறது. 2024-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025-ல் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் இரண்டும் ஹார்டுவேர் ரே டிரேசிங் (ஒளிக்கதிர் போகும் வழியைச் சிப்பே கணக்கிட்டு வரைவது) இல்லாமல் தொடங்கவே தொடங்காது. வேகா, யுஎச்டி, ஐரிஸ் எதிலும் அது கிடையாது. எந்த செட்டிங்கைக் குறைத்தாலும் பலனில்லை. ஒரு கேமை வாங்குவதற்குமுன் குறைந்தபட்சத் தேவையில் 'ரே டிரேசிங்' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்டீமில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

வெயில், வோல்டேஜ், கருக்காய்

இது சென்னை, பெங்களூருக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் வராது.

பிராசஸரும் கிராபிக்ஸும் ரேமை மட்டும் பங்கு போடவில்லை. 15 வாட், 28 வாட் என்று சிப்புக்கு ஒரு மொத்தக் கணக்கு இருக்கும், அதையும் பங்கு போடுகின்றன. கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் மதியம் மூன்று மணிக்கு விளையாடினால் அந்தக் கணக்கும் சுருங்கிவிடும். முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு லேக் அடிக்கத் தொடங்கினால் காரணம் சூடு. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்ற வரி இருந்தால் அதை 100-லிருந்து 99 ஆக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்புகளில் பிராசஸரின் டர்போ ஓட்டம் நின்று, மிச்சமாகும் வாட் கிராபிக்ஸுக்குப் போகும். தலைமடைக்காரர் மதகைக் கொஞ்சம் இறக்கியதும் கடைமடைக்குத் தண்ணீர் வருவதுபோல. ஒரு சதவீதத்தில் இவ்வளவா என்று நானும் முதலில் நம்பவில்லை. பிராசஸர் பளு அதிகமுள்ள கேமில் இது எதிர்மறையாகவும் போகலாம், இரண்டு விதமாகவும் ஆடிப் பாருங்கள். லேப்டாப்பைத் தலையணை மேல் வைக்காதீர்கள். பின்பக்கம் இரண்டு தீப்பெட்டி உயரம் தூக்கி வைத்தாலே காற்று போகும்.

மும்முனை கரண்ட் வந்து எல்லா போர்செட்டும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும்போது வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றும். லேப்டாப் சார்ஜர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அதன் மேலேயே எழுதியிருக்கும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு யுபிஎஸ் கட்டாயம்.

சம்பா அறுவடை நேரத்தில், தை மாசி மாதங்களில், மெஷின் பறக்கவிடும் கருக்காயும் வைக்கோல் தூசியும் வீட்டுக்குள் வராமல் இருக்காது. போன பங்குனியில் ஒரு பெண் கொண்டு வந்த லேப்டாப் ஃபேனில் முழு நெல் பதரே இருந்தது. வருடம் ஒருமுறை, அறுவடை முடிந்ததும் திறந்து சுத்தம் செய்யுங்கள். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கண்டபடி சுற்றினால் கெட்டுவிடும்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு

அசெம்பிள் செய்பவர்கள் எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் ஐ5 12400எஃப் போலக் கடைசியில் 'எஃப்' இருந்தால் இன்பில்ட் கிராபிக்ஸே கிடையாது. விலை குறைவு என்று வாங்கி வந்து, மானிட்டரில் ஒன்றும் வராமல் விழிப்பார்கள். ஏஎம்டியில் ரைசன் 5 5600-ல் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-யில் இருக்கிறது. 8600ஜி-யில் இன்னும் வலுவான 760எம். ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் சிப்புகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு யூனிட் கிராபிக்ஸ் இருக்கும். அது திரையில் படம் காட்ட மட்டும்.

ஏற்கெனவே ஆபீஸ் டெஸ்க்டாப் இருந்தால், இன்பில்டோடு மல்லுக்கட்டுவதைவிடப் பவர் ஒயர் தேவைப்படாத ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் தேடிப் போடுவதே மேல். சிறிய பெட்டி என்றால் குட்டை வகையாகக் கேளுங்கள். ஆர்எக்ஸ் 6400 என்ற கார்டு பழைய போர்டுகளில் முழு வேகம் தராது, போர்டோடு அது பேசும் பாதை நான்குதான்.

லேப்டாப் என்றால் கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கிராபிக்ஸ் பெயரையும் ரேம் ஸ்லாட்டையும் உங்கள் கண்ணால் பாருங்கள். பற்றவைத்த ரேம் மட்டுமே என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள், பின்னால் சேர்க்க வழியில்லை. "அதெல்லாம் எல்லா கேமும் ஓடும் சார்" என்று சொன்னால் எந்த கேம், எத்தனை ஃபிரேம் என்று கேளுங்கள். அவசரப்படுத்தினால், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் படியிறங்கிவிடுங்கள்.